நான் திருடாத கோழி

என் தங்கை தோளில் குழந்தையோடு கடை வாசலில் வந்து நின்றபோது, நான் ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் பின்பக்கத்தைக் கழற்றி வைத்திருந்தேன். கடை என்னுடையது இல்லை. கருவடிக்குப்பத்தில் மைக் செட், சீரியல் லைட், பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு விடும் கடை. நான் அங்கே சம்பளத்துக்கு இருக்கிறேன். கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், மஞ்சள் நீராட்டு, சுவிசேஷக் கூட்டம், எதுவானாலும் வயர் இழுத்து, பெட்டி கட்டி, சத்தம் சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பது என் வேலை. மைக்கை எல்லோர் கையிலும் கொடுப்பேன். நான் பேசமாட்டேன்.

"அண்ணே, ஒன்னு கேப்பேன். முடியாதுன்னு சொல்லக் கூடாது," என்றாள் தங்கை.

சரி என்று தலையை ஆட்டினேன்.

"புள்ளைக்கு ஞானஸ்நானம் வெச்சிருக்கோம். நீதான் ஞானத்தகப்பன்."

ஆடிய தலை அப்படியே நின்றுவிட்டது. வாசலில் நிறுத்திய வண்டியை விட்டு இறங்காமலே அவள் வீட்டுக்காரர் சிரித்தார்.

"மச்சான் மொகத்தப் பாரு, ஊசி போட வந்த மாதிரி! பயப்படாதீங்க மச்சான். பேசுற வேலையெல்லாம் சாமியாருக்கு. நீங்க மெழுகுவத்தியப் புடிச்சிக்கிட்டு நின்னா போதும்."

தங்கை அவரை முறைத்துவிட்டு என்னிடம் குரலைத் தாழ்த்தினாள். "இவங்க வூட்ல யாரோ ஒரு சொல்தாவக் கேக்கலாம்னாங்க. ஃபிரான்ஸ்லேர்ந்து வருவாரு, பர்ரேன்னு பெருமையா சொல்லிக்கலாம்னாங்க. நான் ஒத்துக்கல. எனக்கு நீதான் வேணும்."

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர்கள் வீடுகளில் ஞானத்தகப்பனுக்குப் பெயர் பர்ரேன். அப்படி ஒருவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு என்னிடம் வந்திருந்தாள். எனக்கும் என் மனைவிக்கும் பிள்ளை இல்லை. தங்கைக்கும் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த குழந்தை இது. தகப்பன் என்ற சொல் எந்த வகையிலாவது என் மேல் வந்து ஒட்டட்டும் என்று அவள் நினைத்தது எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

மச்சான் சொன்னது தவறு. மெழுகுவத்தி பிடித்தால் மட்டும் போதாது. சாமியார் கேட்பார், சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று. விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வேண்டும். ஒரு முறை இல்லை, மூன்று முறை. அதற்குப் பிறகு கடவுளை விசுவசிக்கிறீர்களா என்று கேட்பார். விசுவசிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அதுவும் மூன்று முறை. குழந்தைக்காக வாய் திறந்து சொல்வதற்குத்தான் ஞானத்தகப்பன்.

எனக்குத் திக்குவாய். எல்லா எழுத்தும் திக்காது. க, த, ந எல்லாம் ஓரளவு வந்துவிடும். ப வராது, வ வராது. அவை உதட்டுக்கு வந்து நின்றுகொண்டு நகராது. எங்கள் ஊருக்கு இரண்டு பெயர், பாண்டிச்சேரி, புதுச்சேரி. இரண்டும் எனக்கு ஆகாத எழுத்து. விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்தால் கண்டக்டரிடம் "கடைசி ஸ்டாப்" என்றுதான் சொல்வேன். வில்லியனூர் போக வேண்டுமானால் அதைத் தாண்டியிருக்கும் கண்டமங்கலத்துக்கு டிக்கெட் வாங்கி, வழியிலேயே இறங்கிக்கொள்வேன். தங்கையை வீட்டில் எல்லோரும் பாப்பா என்று கூப்பிட, நான் மட்டும் தங்கச்சி என்பேன். இப்படி வராத சொல்லுக்குப் பக்கத்திலிருக்கும் வேறொரு சொல்லைப் பிடித்துப் பிடித்து இத்தனை வயது வரை வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள். வாசிக்கும்போது சொல்லை மாற்ற முடியாது. அதனால் ஐந்தாவதோடு நின்றுவிட்டேன்.

கூட்டத்தோடு சேர்ந்து சொன்னால் எனக்குத் திக்காது. அது ஏன் என்று தெரியாது. பூசையில் எல்லோரும் சேர்ந்து ஜெபிக்கும்போது என் வாயிலிருந்தும் ப, வ எல்லாம் தண்ணீர் மாதிரி வரும். அந்த ஒரு சுகத்துக்காகவே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போவேன். ஆனால் நன்மை வாங்க மட்டும் போகமாட்டேன். பூசையில் சாமியார் கையிலிருந்து அப்பம் வாங்குவதை எங்கள் பெரியவர்கள் நன்மை வாங்குவது என்பார்கள். வரிசை எழுந்து போகும்போது முழங்காலை ஒதுக்கி எல்லோருக்கும் வழிவிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். நன்மை வாங்காதவன் ஞானத்தகப்பனாக நிற்க முடியாது. அதற்கு முதலில் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்பு வாங்க வேண்டும்.

இங்கேதான் கோழி வருகிறது.

சின்ன வயதில், முதன்முதலாக நன்மை வாங்கும் புதுநன்மைக்கு முந்தின நாள் பிள்ளைகளை எல்லாம் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராகச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல அனுப்பினார்கள். நான் அம்மாவிடம் ஏதோ பொய் சொல்லியிருந்தேன். அதைச் சொல்லத்தான் போனேன். முழங்காலில் நின்று, "அம்மாகிட்ட" என்று தொடங்கிவிட்டேன். பொய் என்ற சொல் வரவில்லை. உதடு ஒட்டிக்கொண்டது. பின்னால் நின்ற பிள்ளைகள் சிரிப்பது கேட்டது. மரக்கூண்டின் வலைக்கு அந்தப் பக்கம் இருந்த வயதான சாமியார், "சீக்கிரம் சொல்லு" என்றார். பஸ்ஸில் செய்வதையே அங்கேயும் செய்தேன். வரக்கூடிய சொல்லைப் பிடித்தேன்.

"திருடினேன்."

"என்ன திருடினே?"

"கோழி."

"யார் வீட்டுக் கோழி?"

"தெரு... தெருக்கோடிக் கோழி."

கோழி, தெருக்கோடி எல்லாம் எனக்கு நன்றாக வருகிற எழுத்துகள். சாமியார், மன்னிப்பு உண்டு, ஆனால் அந்தக் கோழியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் உனக்குப் பரிகாரம் என்றார்.

எந்தக் கோழியைத் திருப்பிக் கொடுப்பது? எங்கள் தெருக்கோடி வீட்டில் கோழியே இல்லை. பரிகாரம் செய்யாவிட்டால் மன்னிப்பு நிற்காது என்று புதுநன்மை வகுப்பில் சொல்லியிருந்தார்கள். பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொன்னால் பெரிய பாவம் என்றும், அந்தப் பாவத்தோடு நன்மை வாங்கினால் அதைவிடப் பெரிய பாவம் என்றும் சொல்லியிருந்தார்கள். மறுநாள் வெள்ளைச் சட்டையும் கையில் பூவுமாக நன்மை வாங்கினேன். அது தொண்டைக்குள் இறங்கும்போது செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். சாகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த வரிசைக்கு நான் போகவில்லை.

பெரியவனான பிறகு இது சிறுபிள்ளைக் கதை என்று தெரியாமலா இருக்கும்? தெரிந்தது. ஆனால் தெரிவதால் பயம் போய்விடுவதில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். என் முறை வரும் நேரத்தில் பந்தல்காரரைப் பார்க்கப் போகிறவன்போல வெளியே வந்துவிட்டேன். மறுநாள் எல்லோர் கண்ணும் என் மேல் இருக்க, மாப்பிள்ளையாக நின்று மறுபடியும் நன்மை வாங்கினேன். அந்தப் பெரிய பாவம் ஒன்று இரண்டானது. வருடம் போகப் போக, கோழியைவிட இத்தனை வருடம் போகாமல் இருந்ததே பெரிய சங்கதியாகிவிட்டது. உறக்கத்தில் காரணமில்லாமல் விழித்துக்கொள்வேன். ஓரிடத்தில் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. என் மனைவி எனக்குக் கூச்சம் என்று நினைத்தாள். "நாலு பேரு பாக்க நடந்து போறதுக்கே உங்களுக்கு வேர்த்துடும்," என்று கேலி செய்வாள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞானஸ்நானத்துக்கு முன்னால் பெற்றோருக்கும் ஞானப் பெற்றோருக்கும் பங்குச் சாமியார் வகுப்பு வைத்தார். வேகமாகப் பேசுகிறவர். எப்போதும் எங்கோ கிளம்புகிறவர்போல ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்திருப்பார். எல்லோரோடும் சேர்ந்து பதில் சொல்லிவிட்டால் பிழைத்துக்கொள்வேன் என்ற தைரியத்தில் போய் உட்கார்ந்திருந்தேன்.

"ஒன்னு சொல்லிடறேன்," என்றார் அவர். "கும்பலோட கோவிந்தா போடுற வேலை நம்ம கோயில்ல கெடையாது. அம்மா தனியா, அப்பா தனியா, ஞானத்தாய் தனியா, ஞானத்தகப்பன் தனியா. எனக்குக் காதுல விழற மாதிரி சொல்லணும். மத்தவங்க சொல்றதுல ஒளிஞ்சிக்கக் கூடாது."

எல்லோரும் சிரித்தார்கள்.

வெளியே வந்து தங்கையை ஓரமாகக் கூப்பிட்டேன். "நா... நான் நிக்கல. வ... வ..."

"வேற ஆளப் பாத்துக்கன்னு சொல்ல வரியா? அத நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள புள்ள பள்ளிக்கூடம் போயிடும். நடண்ணே."

"நன்... நன்மை..."

அவள் நின்றாள். "நீ நன்மைக்குப் போறதில்லன்னு எனக்குத் தெரியாதா? சின்னப் புள்ளையிலேர்ந்து பாக்கறேன். போய்ச் சொல்லிட்டு வந்துடேன். என்னா, கொலையா பண்ணிட்ட?"

கொலை செய்தவனுக்குக்கூடச் சொல்வதற்கு ஒரு சேதி இருக்கும். கோழி என்று எப்படிச் சொல்வது? அதுவும் திருடாத கோழி என்று?

அந்த வாரம் முழுக்க நான் நானாக இல்லை. நாற்காலி அடுக்கினால் எண்ணிக்கை தப்பியது. வயரைச் சுருட்டினால் முடிச்சு விழுந்தது. முதலாளி, "என்னாய்யா, கனா கண்டுக்கிட்டே வேலை செய்யற?" என்றார். ஒரு நாள் மாலை, யாருக்கும் என்னைத் தெரியாத வேறொரு கோயிலுக்குப் போனேன். மரக்கூண்டுக்கு முன்னால் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நானும் கடைசியில் உட்கார்ந்தேன். ஒருவர் எழுந்து போனார், எல்லோரும் ஒரு இடம் நகர்ந்தோம். அடுத்தவர் போனார், நகர்ந்தோம். எனக்கு முன்னால் ஒரே ஒரு அம்மா இருந்தபோது எழுந்து வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைச் சாலைக்கு நடந்தேன். அங்கேயும் உட்கார முடியவில்லை. கல் மேல் உட்காருவது, எழுவது, டீ வாங்குவது, பாதியில் கொட்டுவது. வைத்திக்குப்பம் வரைக்கும் நடந்து போய்ப் படகுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். தங்கையிடம் முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும், அந்தச் சொல்தாவையே கூப்பிடட்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த நாள் ஒரு சுவிசேஷக் கூட்டத்துக்கு மைக் செட் ஆர்டர். சபைக்காரர்கள் ஒரு காலி மனையில் ஷாமியானா போட்டிருந்தார்கள். இப்படிப்பட்ட கூட்டங்கள் எனக்குப் பழக்கம். முன்பு ஒரு கூட்டத்தில் என் திக்குவாயைப் பார்த்துவிட்டு, என் தலையில் கை வைத்து, நாக்கின் கட்டு அவிழட்டும் என்று கத்தி ஜெபித்தார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள். அவிழவில்லை. விடுதலை, விடுதலை என்று அவர்கள் மேடையில் சொல்லும்போதெல்லாம் அந்தச் சொல்லை என் பெட்டிகள் தெரு முழுக்க அனுப்பும். என்னால் அதைச் சொல்லக்கூட முடியாது. அதுவும் வ.

அன்றைக்குப் பாஸ்டர் எடுத்தது ஊதாரி மகன் கதை. அப்பனிடம் சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டு, பன்றி மேய்க்கும் நிலைக்கு வந்து, வீட்டுக்குத் திரும்பும் மகன். எத்தனையோ மேடையில் கேட்ட கதை. வேலை செய்துகொண்டே காதில் விழுந்ததுதான், கவனித்துக் கேட்டதில்லை. அன்றைக்கு ஏனோ கவனித்தேன். பையன் பன்றிகளோடு உட்கார்ந்துகொண்டு, அப்பனிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்க்கிறான். நான் தப்பு செய்துவிட்டேன், உங்கள் மகன் என்று சொல்லிக்கொள்ள இனி எனக்குத் தகுதி இல்லை, ஒரு கூலிக்காரனாக என்னை வைத்துக்கொள்ளுங்கள். இப்படித்தான் நானும் டிக்கெட் வாங்குவதற்கு முன் மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். அதனால்தான் காது அங்கே போனது.

பையன் வீட்டுக்கு வருகிறான். அப்பன் ஓடி வந்து கட்டிக்கொள்கிறான். பையன் தொடங்குகிறான். தப்பு செய்துவிட்டேன் என்கிறான். மகன் என்று சொல்லத் தகுதியில்லை என்கிறான். அந்த இடத்தில் பெட்டியில் சத்தம் நின்றுவிட்டது. மைக் வயரின் முனை ஆட்டம் கண்டிருந்தது. ஓடிப் போய் அழுத்தினேன். சத்தம் திரும்பி வந்தபோது அப்பன் வேலைக்காரர்களிடம் நல்ல துணி கொண்டுவரச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கூட்டம் முடிந்ததும் சபைக்காரர் ஒருவர் வந்து, "அண்ணே, முக்கியமான எடத்துல கட் ஆயிடுச்சே," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு உறுத்தியது. கூலிக்காரனாக வைத்துக்கொள் என்ற அந்த வாக்கியத்தை என் மைக் விழுங்கிவிட்டது. பையன் அவ்வளவு தூரம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஜனங்கள் கேட்க முடியாமல் செய்துவிட்டேன்.

மறுநாள் காலையில் மனைவியிடம் கேட்டேன். "அந்த ஊதாரி மகன் கதை எங்க இருக்கு?"

அவள் இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். "லூக்கா பதினஞ்சு. என்னா திடீர்னு?"

அவளுடைய பைபிளை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். விரலை வைத்துக்கொண்டு போனேன். பன்றி மேய்க்கும் இடத்தில் மூன்றும் இருந்தது. தப்பு, தகுதி, கூலிக்காரன். அப்பன் கட்டிக்கொள்ளும் இடத்துக்கு வந்தேன். தப்பு இருந்தது. தகுதி இருந்தது. அடுத்த வரியில் அப்பன் பேசுகிறான். மேலே போய்த் திரும்பக் கீழே வந்தேன். இல்லை. ஏதோ வரியைத் தாண்டிவிட்டேன் என்று நினைத்து அவளிடம் நீட்டினேன்.

"கூலிக்காரன்னு சொல்றது இங்க இல்லியே."

"மேல இருக்கு பாருங்க."

"மேல இருக்கு. கீழ இல்ல."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து படித்துப் பார்த்தாள். உதடு அசைந்தது. "அட, ஆமா," என்றாள். "அப்பங்காரன் அவனப் பேச வுடல."

என் மைக் எதையும் விழுங்கவில்லை. அந்த வாக்கியம் அங்கே சொல்லப்படவே இல்லை.

பேச விடாதவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். வாழ்நாள் முழுக்க அவர்களோடுதான் இருக்கிறேன். நான் தொடங்குவதற்குள் கடைக்காரர் முடிப்பார், கண்டக்டர் முடிப்பார், மச்சான் முடிப்பார். அவர்களுக்கு அவசரம். நான் சொல்ல வந்தது இல்லாமல் அவர்கள் நினைத்தது என் கைக்கு வரும். இந்த அப்பன் அப்படி முடிக்கவில்லை. மீதி அவருக்குத் தேவைப்படவில்லை. பையன் தெருமுனையில் தெரிந்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் பேசியதெல்லாம் சும்மா பேச்சு. அப்படியானால் சின்ன வயதில் நான் முழங்காலில் நின்று உதட்டோடு போராடிக்கொண்டிருந்தேனே, அந்தக் கூண்டில் எனக்கு முன்னால் இருந்தது யார்?

அன்று வேலைக்குப் போனேன், ஆனால் கைகால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. சந்தோஷமா பயமா என்று சொல்லத் தெரியாத ஒரு பதற்றம். சனிக்கிழமை மாலை, யோசித்தால் போகமாட்டேன் என்று வேலை உடுப்போடே எங்கள் பங்குக் கோயிலுக்குப் போனேன். மரக்கூண்டுக்கு முன்னால் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் எழுந்ததும் நான் முழங்காலில் விழுந்தேன்.

"சொல்லுப்பா," என்றார் ஸ்கூட்டர் சாமியார்.

"கோழி," என்றேன். அது மட்டும் திக்காமல் வந்தது.

"கோழியா?"

"நா... நான் திருடல சாமி. திருடினேன்னு சொன்னேன்."

பிறகு முழுவதும் சொன்னேன். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. பின்னால் யாரோ இருமினார்கள். ப வரும் இடத்திலும் வ வரும் இடத்திலும் நின்று நின்று போனேன். சொல்லை மாற்றவில்லை. அவர் ஒரு சொல்லைக்கூட எனக்காக முடிக்கவில்லை. புதுநன்மை, கல்யாணம், முழங்காலை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எல்லாம் சொல்லி முடித்தபோது வலைக்கு அந்தப் பக்கம் கூண்டு லேசாக ஆடியது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கப்பா. சிரிக்கக் கூடாது. இல்லாத கோழிய யார்கிட்டப் போய்க் குடுப்ப?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கோழியை நினைத்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"சரி, கோழிய வுடு," என்றார். குரல் மாறியிருந்தது. "இவ்ளோ வருஷமா ஆண்டவரு உன்ன என்னா பண்ணுவாருன்னு நெனச்சிக்கிட்டிருந்த?"

இதற்கு நான் திக்கவில்லை. "சீக்கிரம் சொல்லுன்னு சொல்லுவாருன்னு," என்றேன்.

"அவரா?"

"ஆமா சாமி."

"ஒரு அப்பனப் பத்தி இப்படியா நெனைக்கறது?" அதட்டலாக இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார். "உண்மையில பாவம்னு சொல்ல வேண்டியது எதுனா இருந்தா அதுதாம்பா. அப்புறம், அன்னைக்கு அம்மாகிட்ட என்னா பொய் சொன்ன?"

யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. செய்யாததைக் காலமெல்லாம் சுமந்திருக்கிறேன், செய்தது எப்போதோ உதிர்ந்து போயிருக்கிறது. அதைச் சொன்னேன். அவர் மன்னிப்பு வழங்கும் ஜெபத்தைச் சொன்னார். வேகமாகப் பேசுகிற அந்த மனிதர் அதை மட்டும் மெதுவாகச் சொன்னார். பரிகாரமாக, தந்தையே என்று கூப்பிட்டுத் தொடங்கும் கர்த்தர் கற்பித்த ஜெபம் ஒன்று. "தனியாச் சொல்லு. நடுவுல நின்னா நிக்கட்டும்."

வெளியே வந்தேன். நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மறுபடியும் கடற்கரைச் சாலையில் நடந்தேன். நெஞ்சுக்குள் ஏதோ ஒரு இடம் காலியாக இருந்தது. அங்கே இத்தனை காலமும் கிடந்த பயத்தைச் சுற்றித்தான் என் ஞாயிற்றுக்கிழமைகளை, என் பேச்சை, என் தூக்கத்தைக்கூட அடுக்கி வைத்திருந்தேன். அது போய்விட்டது. இனி எதைச் சுற்றி அடுக்குவது? விடுதலை என்றால் இளைப்பாறுவது என்று நினைத்திருந்தேன். கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிட்டால் அது முதலில் எங்கே போவதென்று தெரியாமல் அங்குமிங்கும் ஓடும். அப்படித்தான் இருந்தது எனக்கு. ஆனாலும் ஒரு வித்தியாசம். முன்பெல்லாம் யாரோ துரத்துகிற மாதிரி நடப்பேன். அன்றைக்குப் பின்னால் யாரும் இல்லை. நடந்துகொண்டே பரிகார ஜெபத்தைச் சொன்னேன். தந்தை என்ற சொல் வரை வந்து, அதைத் தாண்ட வெகுநேரம் ஆனது. திக்கியதால் இல்லை.

மறுநாள் ஞாயிறு பூசையில் வரிசை எழுந்தபோது என் மனைவி வழக்கம்போல என்னைத் தாண்டிப் போனாள். பாதி வழியில் எதற்கோ திரும்பியவள், தனக்குப் பின்னால் நான் வருவதைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டு நடந்தாள்.

பூசை முடிந்து கூட்டம் கலைந்தபின் ஞானஸ்நானம். தங்கை வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் நல்ல துணி உடுத்தி நின்றார்கள். அந்தச் சொல்தாவும் வந்திருந்தார், கோட்டுப் போட்டுக்கொண்டு. குழந்தை தங்கையின் கையில் தூங்கியது. என் கையில் மெழுகுவத்தி. மைக் இல்லை. அவ்வளவு சின்னக் கூட்டத்துக்கு மைக் எதற்கு என்று சாமியார் சொல்லிவிட்டார்.

சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தார். தங்கை சொன்னாள். மச்சான் சத்தமாகச் சொன்னார். ஞானத்தாயாக நின்ற மச்சானின் அக்கா சொன்னாள். என்னிடம் வந்தார்.

உதடு ஒட்டிக்கொண்டது. எனக்குத் தெரிந்த அதே இடம், அதே சுவர். யாரோ தொண்டையைச் செருமினார்கள். மச்சான் பொறுக்க மாட்டாமல், "விட்டு..." என்று எடுத்துக்கொடுத்தார். தங்கை அவர் கையைக் கிள்ளியதைப் பார்த்தேன். சாமியார் என் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அமைதி நீண்டுகொண்டே போனது. எப்போதும் அப்படிப்பட்ட அமைதியில் எனக்கு உடம்பு கூசிச் சுருங்கும், ஓடிவிடத் தோன்றும். அன்று ஓடத் தோன்றவில்லை. நான் வாயைத் திறந்துகொண்டு நின்றதையே அந்த அப்பன் கேட்டுவிட்டார், இனி வருவது இவர்களுக்காகவும் இந்தக் குழந்தைக்காகவும்தான் என்று தோன்றியது. தோன்றியதும் சொல் உடனே வந்துவிடவில்லை. அது தன் நேரத்துக்குத்தான் வந்தது, உடைந்து உடைந்து.

"வி... வி... விட்டுவிடுகிறேன்."

மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன், இன்னும் நேரம் எடுத்து. பின்னால் ஒரு பெண், "பிரியாணி ஆறிடும்," என்று முணுமுணுத்தாள். சிரிப்பு கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. மூன்றாவது முறை சொல்லி முடிப்பதற்குள் குழந்தை விழித்துக்கொண்டு, என் உதடு நடுங்குவதையே கண் இமைக்காமல் பார்த்தது.

அடுத்து விசுவாசத்தைப் பற்றிய கேள்வி. அதுவும் வ-தான். சாமியார் மற்றவர்களிடம் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார். நான் மெழுகுவத்தியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்து, அந்தச் சொல் வரட்டும் என்று காத்திருந்தேன்.